கேட்டதைச் சொல்லும் கருவி

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேற்றுமையை அறபு உரைநடையின் பேராசான் ஜாஹிழ் (இறப்பு ஹிஜ்ரி 255) தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். நூல் ஊரைக் கடக்கும், தலைமுறையைக் கடக்கும். நாவின் ஆட்சியோ எதிரே இருப்பவன் செவியோடு முடிந்துவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆயிரம் ஆண்டுகள் இவ்வுண்மையை மறுப்பார் இல்லை. 1877இல் அமெரிக்க நாட்டு எடிசன் தகரத்தாள் சுற்றிய உருளை ஒன்றைத் தம் குரலைத் திரும்பச் சொல்ல வைத்தபோதுதான் நா முதன்முறையாகச் செவியின் எல்லையைத் தாண்டிற்று.

ஆனால் கருவி வருவதற்கு நெடுங்காலம் முன்பே கற்பனை அதைச் செய்து முடித்துவிட்டது. ஒலியைப் பிடித்துவைத்துப் பின்னர் ஒலிக்கச் செய்யும் பொருள்கள் கதைகளில் பல உண்டு. அவற்றை விந்தை என்று வியந்து ஒதுக்கிவிடுவது வழக்கம். அது போதாது. ஒரு கதாசிரியன் இல்லாத கருவி ஒன்றைப் படைக்கும்போது, மனிதனுக்கு எது இல்லை என்று அவன் கருதினான் என்பது வெளிப்படுகிறது. அந்த நோக்கில் சில கதைகளை ஈண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

நம் பாட்டிமார் சொன்ன கதையிலிருந்தே தொடங்கலாம். அரசனுக்குக் கழுதைக் காது. அதைக் கண்டவன் முடிதிருத்துபவன் ஒருவனே. வெளியில் சொன்னால் தலை போய்விடும். சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். அவன் காட்டுக்குப் போய் ஒரு மரத்தினிடம் சொல்லிவிட்டு வருகிறான். அம்மரத்தை வெட்டி முரசு செய்கிறார்கள். அவையில் முழக்கியபோது முரசு அந்த இரகசியத்தையே முழங்குகிறது. கிரேக்கர் இதை மைதாஸ் மன்னன் மேல் ஏற்றி, நாணல் முணுமுணுத்ததாகச் சொல்வர். பாரசீகக் கவிஞர் நிஜாமீ இதை இஸ்கந்தர் மேல் ஏற்றிப் பாடினார். அங்கே இரகசியம் ஒரு கிணற்றுக்குள் சொல்லப்படுகிறது. அதில் முளைத்த நாணலை இடையன் புல்லாங்குழலாக்கி ஊதுகிறான். மொழிக்கு மொழி மரம் மாறினும் கதையின் உயிர் மாறவில்லை.

இக்கதையில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, பதிவு செய்ய வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. மரம் தானே கேட்டுக்கொண்டது. இரண்டாவது, கருவி எவருக்கும் உடைமை அன்று; அடித்தவன் கைக்கு அது கட்டுப்படவில்லை. மூன்றாவது, அது சொல்வது ஆள்பவன் மறைக்க விரும்பியதை. வாய் திறக்க அஞ்சிய ஏழைத் தொழிலாளி ஒருவன் சொல்லிவைத்ததையே அரசவையில் முரசு சொல்கிறது.

காவிரிக் கரையில் வாழ்பவருக்கு இக்கதை வேறொரு சுவையும் தரும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் புது மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தையே தேடி வாங்குவர். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற இசைக்கருவி அது. ஒரு வீட்டின் பிறப்பு, இறப்பு, சண்டை, தாலாட்டு அனைத்தையும் கேட்டு நின்ற உத்தரமே நாகசுரம் ஆகிறது. ஆயினும் அது அவ்வீட்டுக் கதையைச் சொல்வதில்லை. ஊதுபவன் மூச்சையே சொல்கிறது. கதை எதை விரும்பிற்று என்பது இந்த இடைவெளியில் விளங்கும்.

இனி ஐரோப்பியக் கதைகளுக்கு வருவோம். பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 1552இல் வெளியிட்ட நான்காம் நூலில், கப்பல் ஒன்று உறைகடலின் எல்லையை அடைகிறது. சென்ற குளிர்காலத்தில் அங்கு நடந்த போரின் ஓசைகளும் சொற்களும் உறைந்து கிடக்கின்றன. கையில் எடுத்துச் சூடேற்றினால் உருகி ஒலிக்கின்றன; ஆனால் மொழி விளங்கவில்லை. கதை சொல்பவன் சிலவற்றைப் பாதுகாத்து எடுத்துச்செல்ல விரும்ப, தலைவனான பாந்தாகுருவேல் தடுத்துவிடுகிறான். என்றும் கைவசம் உள்ளதைச் சேமித்துவைப்பது மடமை என்பது அவன் வாதம். சொல்லுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மையே. சொன்னவனுக்குப் பஞ்சம் உண்டே! அதைப் பாந்தாகுருவேல் எண்ணவில்லை. உருகியவை போரில் மாண்டவரின் ஓலங்கள். ரபலே நகைத்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். படிப்பவர் மனமோ அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து சிரானோ த பெர்ஷராக் எழுதிய நிலவுலகப் பயண நூல், அவர் இறந்தபின் 1657இல் வெளிவந்தது. அதில்தான் முதல்தரமான கருவியைக் காண்கிறோம். நிலவுலகத்தார் தரும் நூலில் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. கடிகாரம் போன்ற நுண்ணிய விசைகள் அடங்கிய சிறு பெட்டி அது. விசையை முறுக்கி, வேண்டிய அதிகாரத்தில் முள்ளை வைத்தால், மனிதன் வாயிலிருந்து வருவதுபோலவே சொற்கள் வருகின்றன. படிக்கக் கண் வேண்டா, செவி போதும். முப்பது நூல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டோ குதிரையேறியோ கேட்கலாம். ஆதலால் அங்குள்ள இளைஞர் பதினாறு, பதினெட்டு வயதிலேயே நம் நரைத்த தலைகளைவிட அறிவு மிக்கவராம்.

இன்று கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுத் திரியும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. கருவியைப் பொறுத்தவரை சிரானோ கண்டது பலித்துவிட்டது. பலன் பற்றி அவர் சொன்னது பலித்ததா என்பதுதான் வினா.

இங்கே கல்வி பற்றிய ஓர் அடிப்படை உண்மை மறைந்து நிற்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தோசை பிறப்பதற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடம் வகுத்தார். திருமறையை ஓதும் தஜ்வீத் கலையில் எழுத்துகளின் பிறப்பிடங்களாகிய மக்ரஜ்கள் பதினேழு என்பதை இமாம் இப்னுல் ஜஸரீ (இறப்பு ஹிஜ்ரி 833) ஏற்றுக்கொண்டார். இரு மொழி அறிஞரும் இத்துணை நுட்பமாக எழுதிவைத்தும், எழுதியதைப் படித்தே உச்சரிப்பைக் கற்கலாம் என்று இரு மரபிலும் எவரும் சொன்னதில்லை. ‘ழ’வையும் ‘ளாத்’தையும் ஏட்டைப் பார்த்துப் பழக முடியாது, வாயிலிருந்தே வாங்க வேண்டும். இதையே ஓதும் மரபில் ‘தலக்கீ’ என்பர். ஆசிரியர் ஓதுவார், மாணவன் கேட்பான். பின்பு மாணவன் ஓதுவான், ஆசிரியர் கேட்பார். இவ்விரண்டில் சிரானோவின் பெட்டி முதற் பாதியை மட்டுமே செய்கிறது. அதற்கு வாய் உண்டு. தன்னை நோக்கி ஓதுபவனின் பிழையைக் கேட்கும் செவி அதற்கு இல்லை.

இதனால் ஒலிப்பதிவு வீண் என்று சொல்லவரவில்லை. எகிப்து நாட்டின் லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் 1959இல் முன்வைத்த திட்டத்தின்படி, ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ முழுக் குர்ஆனையும் தர்த்தீலாக ஓதிய பதிவு 1961இல் வெளியாயிற்று. தகுதியான காரீ இல்லாத ஊர்களில் இப்பதிவு செய்த தொண்டு பெரிது. எத்தனையோ பள்ளிகளில் ஓதலின் தரத்தையே அது உயர்த்திற்று. ஆனால் அதைப் பதிவு செய்த ஹுஸரீ, ஆசிரியர்களிடம் ஓதிக்காட்டி அனுமதி பெற்ற ஆசிரியப் பரம்பரையின் கண்ணி. அந்தப் பரம்பரை விளைத்ததைப் பதிவு நெடுந்தொலைவு கொண்டுசென்றது. பரம்பரையே அறுந்துபோனால் அடுத்துப் பதிவு செய்ய யாரைத் தேடுவது? இன்று கைப்பேசியில் கேட்டே மனனம் செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இனிய குரலின் சாயலைப் பிடித்துவிடுகிறார்கள். பிழையையும் அதே இனிமையோடு உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். சிரானோவின் நிலவுலகில் இந்தச் சிக்கல் பேசப்படவில்லை. கேட்பதே கற்பது என்று அவர் முடித்துக்கொண்டது அக்கற்பனையின் குறை.

ஜூல்ஸ் வெர்ன் 1892இல் வெளியிட்ட ‘கார்பேத்தியக் கோட்டை’ இவ்வகைக் கதைகளுள் ஆழம் மிக்கது. எடிசனின் கருவி வந்துவிட்ட பிறகு, அதனினும் செம்மையான ஒன்றைக் கற்பித்து எழுதப்பட்டது. லா ஸ்தில்லா என்னும் புகழ்பெற்ற பாடகி. அவள் பாடும் அரங்கெல்லாம் தவறாமல் வந்து, திரைக்குப் பின்னிருந்து கேட்கும் கோர்த்ஸ் பிரபு. அவனோடு எப்போதும் ஓர்ஃபானிக் என்னும் விஞ்ஞானி. ஃபிரான்ஸ் என்னும் இளம் பிரபுவை மணந்து மேடையைத் துறக்க முடிவு செய்த அவள், நேப்பிள்ஸ் நகரின் சான் கார்லோ அரங்கில் இறுதியாகப் பாடும்போது, கோர்த்ஸின் வெறித்த முகத்தைக் கண்டு அஞ்சி, பாட்டின் நடுவிலேயே உயிர்விடுகிறாள். ஆண்டுகள் கழிந்தபின் பாழடைந்த கோட்டை ஒன்றில் ஃபிரான்ஸ் அவள் உருவைக் காண்கிறான், குரலைக் கேட்கிறான். உருவம் ஓவியமும் கண்ணாடியும் ஒளியும் சேர்ந்த மாயம். குரல், கோர்த்ஸுக்காக ஓர்ஃபானிக் முன்பே பதிந்துவைத்தது.

இதில் வெர்னின் கலைத்திறம் விளங்கும் இடம் ஒன்று உண்டு. கோட்டையில் ஒலிக்கும் பாட்டு, அன்று அரங்கில் நின்ற அதே சுரத்தில் நின்றுவிடுகிறது. அவள் இறக்கும்போது எழுப்பிய அதே அலறல் கேட்கிறது. கருவிக்குப் பாட்டும் ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். கோர்த்ஸோ ஒவ்வோர் இரவும் அந்தச் சாவைத் தன் இன்பத்துக்காக மீட்டும் நிகழ்த்துகிறான். முடிவில் ஃபிரான்ஸின் பணியாள் சுட்ட குண்டு, கோர்த்ஸ் தூக்கிக்கொண்டு ஓடும் பெட்டியைத் தூளாக்குகிறது. அவள் குரலையே உடைத்துவிட்டார்கள் என்று அவன் கதறுகிறான். பெட்டியையே அவளாகக் கொண்டுவிட்டவன் வேறெப்படிக் கதறுவான்?

வெர்ன் ஒலிப்பதிவையே பாவம் என்று சாடவில்லை. கதையின் இறுதியில் அறிவு கலங்கிப்போன ஃபிரான்ஸ் தெளிவு பெறுவதும் எஞ்சிய பதிவுகளில் அவள் பாட்டைக் கேட்டே. ஒரே கருவி ஒருவனை வெறியனாக்குகிறது, மற்றவனைத் தேற்றுகிறது. வேற்றுமை எங்கே? கோர்த்ஸ் அவளிடம் கேட்காமல் எடுத்தான்; எடுத்ததை எவருக்கும் கொடாமல் கோட்டைக்குள் பூட்டினான். திருட்டும் கஞ்சத்தனமும் அவன் குற்றங்கள். இன்னொன்றையும் வெர்ன் நுட்பமாகப் புனைந்தார். அதே ஓர்ஃபானிக் கிராமத்துச் சத்திரம் வரை இரகசியமாகக் கம்பி இழுத்து, ஊரார் பேசுவதை ஒட்டுக்கேட்கிறான். அதன் வழியாகவே அச்சுறுத்தும் குரலும் விடுகிறான். ஒரு கலைஞரின் குரலைக் களவாடியவன் ஊரின் பேச்சையும் களவாடுவான் என்பது கதையின் அமைப்பே சொல்லும் தீர்ப்பு. இன்று இறந்தவர் குரலைப் போலவே கணிப்பொறியால் புதுப் பாட்டுப் பாட வைக்கிறார்கள். அனுமதி யாரிடம் பெற்றார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்நாவல் நினைவுக்கு வரவேண்டும்.

கோர்த்ஸுக்கு மறுதலையைக் காண நாம் கார்பேத்திய மலைக்குப் போக வேண்டியதில்லை. திருமருகலில் 1898இல் பிறந்து திருவாவடுதுறையின் பெயரோடு இணைந்துவிட்ட நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளை தோடி இராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பவர். கொலம்பியா இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிட அளவே கொள்ளும். காவிரியைச் செம்புக்குள் அடக்குவது போன்ற வேலை. எனினும் அவர் மனமுவந்து கொடுத்தார். தட்டு ஊரெங்கும் போயிற்று. கோயில் வீதியில் விடிய விடிய நின்று கேட்கும் வாய்ப்பில்லாதவர், அவ்வீதிக்கே போகாத பிற சமயத்தவர் என எல்லார் வீட்டிலும் அத்தோடி ஒலித்தது. 1956இல் அவர் மறைந்த பின்னும் நாகசுரம் பயில்பவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். நாகூர் இ. எம். ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். அந்த வெண்கலக் குரல் இன்றும் டெல்டாவின் மணவீடுகளிலும் கந்தூரி விழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. சமய எல்லை கடந்து மக்கள் அதைத் தம் குரலாகக் கொண்டிருக்கிறார்கள். கொடுத்த குரலுக்கும் பறித்த குரலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கற்றலுக்காக ஒரு கருவி, உடைமைக்காக ஒரு கருவி. மூன்றாவது ஒன்று உண்டு, அது சாட்சிக்கானது. கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1837இல் எழுதிய ‘ஒன்பதாம் பிரிட்ஜ்வாட்டர் ஆய்வுரை’யில் காற்றே ஒரு மாபெரும் நூலகம் என்கிறார். மனிதன் சொன்ன எச்சொல்லும் காற்றின் அணுக்களில் அசைவாகப் பதிந்து என்றும் அழியாது நிற்கிறது; நிறைவேறாத வாக்குறுதிகளும் அங்கே உண்டு. அடிமைகளைக் கடலில் எறியச் சொன்ன கப்பல் தலைவனின் கட்டளைக்கும் அக்காற்றே சாட்சி என்று அவர் எழுதினார். இயற்பியலார் இதை ஒப்பார். ஓசையின் அசைவு மிகச் சிறுபொழுதில் வெப்பமாகிச் சிதறிவிடும். விஞ்ஞானி எழுதியதாயினும் இது கற்பனையே. ஆனால் முரசுக் கதையின் அதே வேட்கை இது. சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் பதியும் வானவர் உண்டு, பூமியே ஒருநாள் தன் செய்திகளைச் சொல்லும் என்று நம்பும் சமூகத்துக்கு இவ்வேட்கை அந்நியமானதன்று.

இந்த மண்ணுக்கு அது எவ்வளவு வேண்டியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார் தரப்பினரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்நிகழ்ச்சியை அடியொற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்த இரவின் குரல்கள் எந்தக் கருவியிலும் இல்லை. பாபேஜின் காற்று உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்காத நெஞ்சு இருக்க முடியாது.

பழங்காலம் பற்றியும் இதே நிலைதான். இஸ்ஃபஹானீயின் ‘கிதாபுல் அகானீ’யில் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்கள் பேசப்படுகின்றன. பாடியவர் பெயர் உண்டு, தாளக் குறிப்பு உண்டு. பாட்டு எப்படி ஒலித்தது என்பது போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராஜராஜன் திருப்பதியம் பாட அமர்த்திய 48 பேரும், உடன் வாசித்த இருவரும் பெயர் பெயராக இருக்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்ற அளவும் இருக்கிறது. குரல் இல்லை. ஆயினும் அக்கல்வெட்டில் ஓர் ஏற்பாடு காண்கிறோம்: ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் பாட வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய ஒருவரை அமர்த்த வேண்டும். கல்லால் குரலைக் காக்க முடியாது என்று அறிந்து, வாய்க்குப் பின் வாயை நிறுத்திக் காக்க முயன்றிருக்கிறார்கள். இதுவும் ஒரு இஸ்னாதே.

ஆக, கருவிக் கதைகளுள் எது சிறந்தது? அறிவியல் முன்னோக்கில் சிரானோ சிறந்தவர். மனித மனத்தின் இருளைக் கண்டதில் வெர்ன் அவரினும் சிறந்தவர். அறத்தின் வேட்கையில் இருவரையும் விஞ்சி நிற்பது பெயர் தெரியாத பாட்டி சொன்ன முரசுக் கதைதான். ஏனெனில் முதலிரண்டு கதைகளிலும் பதிவாகும் குரல் கற்றோர் குரல், அல்லது புகழ்பெற்றோர் குரல். முரசில் பதிந்ததோ பேச உரிமையற்றவன் குரல்.

இந்த அளவுகோலை நம் இன்றைய நிலைமேல் வைத்துப் பார்ப்போம். கருவி மலிந்துவிட்டது, ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. ஆனால் நடவு இயந்திரம் வந்தபின் வயலில் நடவுப்பாட்டு அருகிவிட்டது. அறபுத்தமிழில் முனாஜாத்தும் தாலாட்டும் மனப்பாடமாகச் சொல்லும் மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். மேடைப் பேச்சும் திருமண ஆரவாரமும் ஆயிரக்கணக்கில் பதிவாகின்றன. இவர்கள் குரல் பதிவாகவில்லை. நம் இளைஞர்கள் அடுத்த முறை கைப்பேசியை எடுக்கும்போது முதலில் வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெரியம்மாவிடமும், கீழத்தெருவில் நடவுக்குப் போய்வந்த அந்த ஆச்சியிடமும் போகட்டும். அனுமதி கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, பாடச் சொல்லிப் பதியட்டும். பதிந்தபின் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் திருத்தத் திருத்த இரண்டடியாவது தாமே பாடிக் கற்றுக்கொள்ளட்டும்.